டர்பன் வெள்ள வரைபடம்: செயற்கைக்கோள் உயரத் தரவில் செய்யக்கூடாத தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், உம்பிலோ ஆற்றங்கரையில் நம் முன்னோர் கட்டிய கோவிலை 1905 வெள்ளம் கொண்டுபோனது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். 'எங்கள் தெருவுக்குத் தண்ணீர் ஏறுமா?' என்று இலவச உயரத் தரவை இறக்கி, தாங்களே வரைபடம் போட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பெரிய தவறு, அந்தத் தரவைத் தரையின் உயரம் என்று நம்புவது. விண்ணிலிருந்து அனுப்பும் ரேடார் அலை எதில் பட்டுத் திரும்புகிறதோ அதன் உயரம்தான் பெரும்பாலும் பதிவாகும். டொங்காட் பக்கம் வளர்ந்த கரும்பே இரண்டு மூன்று மீட்டர் நிற்கும். யூகலிப்டஸ் தோப்பு அதைவிடப் பல மடங்கு. உம்லாஸ் ஆற்றோரம் அடர்ந்த மரங்கள் இருந்தால் கணினி அதைக் கரை என்றே எடுத்துக்கொண்டு, வெள்ளத்தை அங்கேயே நிறுத்திவிடும். நிஜத் தண்ணீர் மரங்களுக்கு இடையே நுழைந்து வீட்டுக்குள் வரும். உயிர் சம்பந்தப்பட்ட தவறு இது. அதனால் மரமும் கூரையும் கழித்த தரவு கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள். கிடைக்காவிட்டால், வான்படத்தைப் பக்கத்தில் வைத்து எங்கெல்லாம் மரம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், தரவின் வயது. பலரும் எடுக்கும் எஸ்ஆர்டிஎம் (விண்ணோட ரேடார் நில அளவீடு) தரவை எண்டெவர் விண்ணோடம் 2000 பிப்ரவரியில் 11 நாளில் திரட்டியது. டர்பனின் கிங் ஷாகா விமான நிலையம் திறந்ததோ 2010-ல். ஓடுபாதைக்காக வெட்டி நிரவிய நிலம் அதில் எப்படி இருக்கும்? ஐரோப்பாவின் கோப்பர்னிகஸ் 30 மீட்டர் தரவுக்கான அளவீடு அதற்குப் பிந்தியது, 2015 வரை நடந்தது. நான் அதைத்தான் எடுப்பேன்.

ஆனால் அதிலிருந்தும் 1 மீட்டர் இடைவெளியில் சமஉயரக் கோடு (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு) வரையாதீர்கள். மென்பொருள் கேட்டதை வரைந்து கொடுக்கும், கோடு அழகாகவும் இருக்கும். தரவில் ஒரே ஓர் உயரம் பதிவாகும் ஒரு கட்டம் 900 சதுர மீட்டர். சாட்ஸ்வொர்த்தில் பல வீடுகள் அதற்குள் அடங்கிவிடும். உயரப் பிழையே 4 மீட்டர் வரை, சில இடங்களில் அதற்கு மேலும் போகலாம். இதை வைத்து 'உங்கள் வீடு பாதுகாப்பு' என்று யாரிடமும் சொல்லக்கூடாது.

ஜிபிஎஸ் கருவியின் உயரத்தையும் இதையும் அப்படியே ஒப்பிடக்கூடாது. ஒன்று நீள்வட்டப் பரப்பிலிருந்தும் (பூமிக்குக் கணக்கில் வகுத்த சீரான வடிவம்) மற்றது கடல்மட்டத்திலிருந்தும் அளந்ததாக இருந்தால், டர்பனில் 20 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். உள்ளூர் நில அளவை வரைபடத்தின் லோ31 (31° கிழக்குத் தீர்க்கரேகையை நடுவாகக் கொண்ட முறை) ஆயங்களும் குழப்பும்: அவை தெற்கும் மேற்கும் நோக்கிக் கூடுபவை. குறியை மாற்றாமல் ஏற்றினால் உங்கள் ஊர் வேறெங்கோ போய் விழும்.

சரி, எப்படிச் சோதிப்பது? குன்றுச்சி அளவைத் தூண்களின் உயரம் நமக்குக் கிடைக்கும். ஆனால் 30 மீட்டர் கட்டம் உச்சியைச் சராசரியாக்கித் தணித்துக் காட்டும் என்பதால் அவற்றை மட்டும் நம்பாமல், சமதளத்தில் மரமில்லாத இடத்தில் உள்ள நகர அளவைக் குறிகள் (உயரம் அளந்து பதித்த அடையாளங்கள்) சிலவற்றையும் சேர்த்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் எவ்வளவு வந்தது என்பதை வரைபடத்தின் மூலையிலேயே எழுதிவிடுங்கள்.