கோயில் மேளத்திலிருந்து போலீஸ் பேண்டுக்கு

மொரிசியஸுக்கு ராணுவம் கிடையாது. இங்கே ஒரு பிள்ளை "மிலிட்டரி பேண்டில் சேரணும்" என்றால், அது போலீஸ் பேண்டைத்தான் குறிக்கும். நம் தேசிய கீதத்துக்கு இசையமைத்த ஃபிலிப் ஜான்தி அந்த பேண்டைச் சேர்ந்தவர். காவடிக்கு நாதஸ்வரமோ தவிலோ வாசித்துப் பழகிய பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: வாத்தியம்

நாதஸ்வரத்தின் சீவாளி பழகிய உதட்டுக்கு, அதேபோல் சீவாளி வைத்து ஊதும் ஓபோ நெருங்கிய சொந்தம்தான். ஆனால் நடந்துகொண்டே ஊத அது சரிப்படாது. கிளாரினெட்டோ சாக்ஸபோனோ எடுங்கள். தவில்காரருக்கு ஸ்னேர் டிரம். இடக்கைக்குக் குச்சி புதிதில்லை. விரல்களில் கூடு மாட்டியே பழகிய வலக்கைதான் பாலபாடத்திலிருந்து தொடங்கணும்.

படி 2: 'டோ' எங்கே இருக்கிறது?

பலர் திணறும் இடம் இது. நமக்கு 'ச' என்பது சுருதி எங்கேயோ அங்கே. இங்கே பிரெஞ்சு முறையில் பழகியவர்கள் சொல்லும் 'டோ' என்ற சுரம் நகரவே நகராது. போதாக்குறைக்கு, பேண்டில் வழக்கமாக இருக்கும் கிளாரினெட்டில் தாளைப் பார்த்து 'டோ' ஊதினால் வெளியே கேட்பது 'சி பெமோல்', அதாவது பி ஃபிளாட். பியானோவுக்கான தாளை நான் அப்படியே கிளாரினெட்டில் ஊதி, பியானோக்காரரை விட ஒரு சுரம் கீழேயே கடைசி வரை போனேன். அவர் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

இதற்கு வைத்தியம் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டு சுரங்களில் ஒன்றை எடுங்கள். ஐரோப்பிய பேண்டு மெட்டுகளைக் கேட்டு அவர் பண்ணியவை; சங்கராபரணம் என்பதால் மேஜர் ஸ்கேலோடு ஒத்துப்போகும். தெரிந்த அந்த மெட்டை மேற்கத்திய முறைப்படி ஐந்து கோட்டு இசைத்தாளில் நீங்களே எழுதுங்கள். பிறகு அதையே ஒரு சுரம் மேலே தள்ளி கிளாரினெட்டுக்கு எழுதுங்கள். பியானோவும் நீங்களும் சேர்ந்து வாசித்தால் ஒன்றாக ஒலிக்கணும். பத்து மெட்டு எழுதினால் பயம் போய்விடும்.

படி 3: நடை

தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 120இல் வையுங்கள். நொடிக்கு இரண்டு அடி. முதல் அடி இடதுகால். ஆதி தாளம் போட்ட கைக்கு எண்ணிக்கை ஒரு பிரச்சினையே இல்லை, அதைக் காலுக்கு இறக்கணும், அவ்வளவுதான். முதல் வாரம் வாத்தியமே வேண்டாம், வாயால் பாடிக்கொண்டு நடங்கள். அப்புறம் ஒரே நீண்ட சுரத்தை ஊதிக்கொண்டு நடங்கள். சுரம் காலோடு சேர்ந்து ஆடினால் குதிகாலை ஓங்கி வைக்கிறீர்கள் என்று அர்த்தம்.

படி 4: சான்றிதழ், விண்ணப்பம்

ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டிஷ் அமைப்பு நடத்தும் இசைத் தேர்வில் 8 நிலைகள். 6ஆம் நிலை வாத்தியத் தேர்வுக்குப் போக, வழக்கமாக 5ஆம் நிலை தியரி, அதாவது இசைக்கோட்பாட்டு எழுத்துத் தேர்வு, தேறியிருக்கணும். அதனால் தியரியைத் தள்ளிப்போடாதீர்கள். மேற்கத்திய இசை படிக்க கத்ர் போர்னில் ஃபிரான்சுவா மித்தெரான் கன்சர்வத்துவார் என்ற இசைப்பள்ளி இருக்கிறது. போலீஸ் பேண்டுக்கு ஆள் எடுக்கும் அறிவிப்பு வந்தால் வயது, படிப்பு, உடல்தகுதி வரிகளை முதலில் படியுங்கள். வாத்தியம் நன்றாக வருகிறது என்பதற்காக ஓட்டப் பயிற்சியை விட்டுவிட வேண்டாம். இது போலீஸ் வேலையும்தான்.