பின்னி முடித்த ஸ்வெட்டரை உடுத்துகிற ஸ்வெட்டராக்குவது: கடைசிக்கட்ட வேலைகள், படிப்படியாக

ஊசியிலிருந்து கடைசிக் கண்ணி இறங்கியதும் வேலை முடிந்தது என்று தோன்றும். உண்மையில் அப்போது கையில் இருப்பது ஓரம் சுருண்டு, நூல் வால் தொங்குகிற நாலைந்து துண்டுகள்தான். பலர் இந்த இடத்தில் அலுத்துப்போய் எல்லாவற்றையும் பையில் சுருட்டி வைத்துவிடுகிறார்கள். வேறு சிலர் ஒரே மூச்சில் தைத்து மாட்டிப் பார்க்கிறார்கள். கழுத்து இறுக்குகிறது, அக்குள் பிடிக்கிறது என்று கழற்றி வைத்தால் அப்புறம் அதைத் தொடுவதே இல்லை. இரண்டுக்கும் காரணம் பின்னல் மோசம் என்பதல்ல. கடைசிக்கட்ட வேலையை ‘மிச்ச வேலை’ என்று நினைப்பதுதான்.

முதல் ஸ்வெட்டரையோ, முன்பக்கம் பட்டன் போடும் கார்டிகனையோ முடிக்கும் கட்டத்தில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நிட், பர்ல் என்ற இரண்டு அடிப்படைக் கண்ணிகளும் தெரிந்தால் போதும். மொட்டை முனையும் பெரிய காதும் உள்ள ஊசி, அளவு நாடா, துருப்பிடிக்காத குண்டூசிகள், கொஞ்சம் சேஃப்டி பின், இரண்டு பெரிய குளியல் துண்டு, ஒரு சிறிய கத்தரி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: நீங்கள் அடிக்கடி போடும் உடுப்பை அளந்து பாருங்கள்

அலமாரியில் ஏதாவது ஒன்று இருக்கும். துவைத்துக் காய்ந்ததும் கை தானாக அதைத்தான் எடுக்கும். அதைத் தரையில் விரித்து, சுருக்கம் நீவி, நாலு அளவு எடுங்கள்: ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அகலம், தோளிலிருந்து கீழ் விளிம்பு வரை நீளம், அக்குளிலிருந்து கைமுனை வரை நீளம், கைத்துளையின் ஆழம். அகலத்தை இரண்டால் பெருக்கினால் அந்த உடுப்பின் மார்புச் சுற்றளவு கிடைக்கும்.

இப்போது உங்கள் மார்புச் சுற்றளவை அதிலிருந்து கழியுங்கள். மிஞ்சுவதுதான் உங்களுக்குப் பிடித்த ‘தளர்வு’. உள்ளே ஒரு சட்டையோ டி-ஷர்ட்டோ போட்டு மேலே அணியும் ஸ்வெட்டருக்கு 5 முதல் 10 செ.மீ. தளர்வு பெரும்பாலானவர்களுக்குச் சுகமாக இருக்கும். ஆனால் உங்கள் உடுப்பு 14 செ.மீ. என்று சொன்னால் அதையே நம்புங்கள். உடம்பை அளப்பதைவிடப் பிடித்த உடுப்பை அளப்பது மேல் என்பது என் கட்சி. உடம்பு அளவு நீங்கள் எவ்வளவு பெரியவர் என்று மட்டும்தான் சொல்லும். உங்களுக்கு எது வசதி என்பதை உடுப்புதான் சொல்லும். இந்த நாலு எண்களை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள். கடைசி வரை தேவைப்படும்.

படி 2: கண்ணிகளைத் தளர்வாக அடையுங்கள்

கடைசி வரிசைக் கண்ணிகளைப் பிரியாதபடி மூடுவதுதான் அடைப்பு. கழுத்து, கைமுனை, கீழ் விளிம்பு மூன்றிலும் அது இறுக்கமாக இருந்தால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. எளிய வழி, அடைப்பு வரிசைக்கு மட்டும் ஓரிரு அளவு பெரிய ஊசியை எடுப்பது.

கழுத்துப் பட்டைக்கு (அதைப் படி 5-இல்தான் பின்னுவோம்) அதுவும் போதாது. பெரியவர்களின் தலைச் சுற்றளவு பொதுவாக 55 செ.மீ.யை ஒட்டி இருக்கும். கழுத்துப் பட்டை அவ்வளவு தூரம் நீண்டு கொடுத்துவிட்டுத் திரும்பிச் சுருங்க வேண்டும். அதற்கு இப்படிச் செய்யலாம். இரண்டு கண்ணி நிட் செய்யுங்கள். இடது ஊசியை அந்த இரண்டுக்குள்ளும் முன்பக்கமாக நுழைத்து, இரண்டையும் பின்கண்ணி வழியாகச் சேர்த்து ஒரே நிட்டாகப் பின்னுங்கள். வலது ஊசியில் ஒன்று மிஞ்சும். இன்னொரு கண்ணி நிட் செய்து, மறுபடி இரண்டையும் சேருங்கள். வரிசை முடியும்வரை இதேதான். முடித்ததும் இரு கையாலும் பிடித்து இழுத்துப் பாருங்கள். நூல் வெள்ளையாக விறைத்து நின்றால் பிரித்துவிட்டு மறுபடி அடையுங்கள். பத்து நிமிட வேலை, சோம்பல் வேண்டாம்.

தைப்பதற்கு வசதியாக, அடைத்து முடிக்கும் இடங்களில் நீளமான வால் விடுங்கள். வெறுமனே செருகப்போகும் வாலுக்கு 15 செ.மீ. போதும்.

படி 3: நனைத்து வடிவத்துக்குக் கொண்டுவருவது

இதைத்தான் பிளாக்கிங் என்கிறார்கள். ஒரு வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். துண்டுகளைத் தைப்பதற்கு முன்பே செய்ய வேண்டும். சுருண்ட ஓரங்களைத் தைப்பது பெரும் பாடு. நீவிய ஓரங்கள் தானாக ஒன்று சேரும்.

கம்பளி நூல் என்றால்: ஒரு தொட்டியில் வெதுவெதுப்புக்கும் குறைவான தண்ணீர், அதில் ஒரு சொட்டு மென்மையான ஷாம்பூ. துண்டுகளைப் போட்டதும் கொஞ்ச நேரம் மிதக்கும், உள்ளே காற்று இருப்பதால். உள்ளங்கையால் மெதுவாக அழுத்தி முக்குங்கள். 20 நிமிடம் அப்படியே விடுங்கள். கசக்காதீர்கள், தேய்க்காதீர்கள். கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. சூடும் அசைவும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு துணி தடித்துச் சுருங்கிவிடும்; அதற்கப்புறம் என்ன செய்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. சூடான தண்ணீரிலிருந்து திடீரென்று குளிர்ந்த தண்ணீருக்கு மாற்றுவதும் இதே காரணத்தால் வேண்டாம்.

வெளியே எடுக்கும்போது ஒரு மூலையைப் பிடித்துத் தூக்காமல், இரண்டு கையையும் அடியில் கொடுத்து அள்ளுங்கள். நனைந்த துணியின் கனமே அதை நீட்டிவிடும். முறுக்கிப் பிழியக் கூடாது. குளியல் துண்டின் மேல் பரப்பி, அதோடு சேர்த்துச் சுருட்டி, சுருளின் மேல் ஏறி நில்லுங்கள். தண்ணீர் பெரும்பகுதி குளியல் துண்டுக்குப் போய்விடும்.

இப்போது முதல் படியில் எழுதிய தாளை எடுங்கள். காய்ந்த குளியல் துண்டையோ பழைய மெத்தை விரிப்பையோ தரையில் போட்டு, பின்னிய துண்டை அதன்மேல் வைத்து, நாடாவைப் பிடித்துக்கொண்டே அந்த அளவுகளுக்கு மெல்ல மெல்ல இழுத்து நேர்செய்யுங்கள். ஓரங்களில் நெருக்கமாகக் குண்டூசி குத்துங்கள். தள்ளித் தள்ளிக் குத்தினால் ஓரம் அலையலையாகக் காயும். ரிப் பட்டைகளை (நிட்டும் பர்லும் மாறி மாறி வரும், நீண்டு சுருங்கும் விளிம்புகள்) மட்டும் இழுக்க வேண்டாம், குண்டூசியும் வேண்டாம். அவற்றைச் சுருக்கியே வையுங்கள். ஒருமுறை அகட்டிக் காயவைத்தால் அதன் துள்ளல் பாதி போய்விடும். அளவு 2 செ.மீ. கூடக்குறைய இருந்தால் இந்தக் கட்டத்தில் சமாளிக்கலாம். 10 செ.மீ. குறைகிறது என்றால் தண்ணீரால் ஆகாது, பின்னலைத்தான் பார்க்க வேண்டும். முழுக்கக் காயும்வரை குண்டூசியை எடுக்காதீர்கள். தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும். தடிப்பான இடத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், ஜில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

மற்ற நூல்களுக்குச் சின்னச் சின்ன மாற்றங்கள். பருத்திக்கு வெந்நீர் பயம் அவ்வளவு இல்லை, ஆனால் நனைந்தால் கல்லாகக் கனக்கும், கொடியில் தொங்கவிட்டால் முழங்கால் வரை இறங்கும். சூப்பர்வாஷ் என்று லேபிளில் போட்ட கம்பளியில் அந்தச் செதில்கள் நீக்கப்பட்டோ பூச்சால் மூடப்பட்டோ இருக்கும். அது சுருங்காது. மாறாக, நனைந்ததும் பெரிதாகி உங்களைக் கலங்கடிக்கும். பதறாமல் அளவுக்குத் தள்ளிச் சேர்த்துக் காயவையுங்கள். அக்ரிலிக் தண்ணீருக்குப் பெரிதாக மசியாது; நீராவிதான் கேட்கும். இஸ்திரிப் பெட்டியை இரண்டு மூன்று செ.மீ. உயரத்தில் பிடித்து ஆவியை மட்டும் விடுங்கள். பெட்டி துணியில் பட்டால் இழை உருகித் தொளதொளவென்று ஆகிவிடும், மீட்கவே முடியாது. முதலில் அதே நூலில் பின்னிய சிறு மாதிரித் துண்டில் பழகிவிட்டு அப்புறம் ஸ்வெட்டருக்கு வாருங்கள்.

படி 4: தைக்கும் முன் மாட்டிப் பாருங்கள்

காய்ந்த துண்டுகளைச் சேஃப்டி பின்களால் இணைத்து, வழக்கமாக உள்ளே போடும் சட்டையின் மேல் மாட்டுங்கள். கண்ணாடி முன் நிமிர்ந்து நிற்பது மட்டும் போதாது. உட்காருங்கள், கையை மேலே தூக்குங்கள், குனிந்து செருப்பு மாட்டுங்கள். வயிறு தெரிகிறதா, அக்குளில் இழுக்கிறதா, கைமுனை பாத்திரம் கழுவும்போது நனையுமா என்று பாருங்கள். கை நீளம் கூடுதல் என்றால் இப்போதே கீழிருந்து பிரித்துக் குறைத்துவிடலாம். கீழிருந்து மேலாகப் பின்னியது நேராகப் பிரியாது. அப்போது ரிப்புக்கு மேல் ஒரு கண்ணியை வெட்டி, அந்த வரிசையை உருவி, மேல்பாதியின் கண்ணிகளை ஊசியில் ஏற்றி ரிப்பைக் கீழ்நோக்கிப் பின்னிக்கொள்ளலாம்.

படி 5: தைப்பது

வரிசை இதுதான்: முதலில் தோள், அடுத்துக் கழுத்துப் பட்டை, அடுத்துக் கையை உடம்போடு சேர்ப்பது, கடைசியில் பக்கத் தையலும் கையின் அடித்தையலும் ஒரே ஓட்டத்தில். தோள் தையல் மட்டும் கெட்டியாக இருக்க வேண்டும். மொத்த ஸ்வெட்டரின் கனமும் அதில்தான் தொங்குகிறது.

பக்கங்களுக்கு மேட்ரஸ் ஸ்டிட்ச். இரண்டு துண்டுகளையும் வெளிப்பக்கம் மேலே இருக்கும்படி அருகருகே வையுங்கள். ஓரக் கண்ணியையும் அடுத்த கண்ணியையும் விரலால் மெல்ல விலக்கினால், நடுவில் ஏணிப்படி மாதிரி குறுக்கு இழைகள் தெரியும். வலது துண்டில் ஒரு படியின் அடியில் ஊசியைக் கொடுத்து எடுங்கள். இடது துண்டில் அதே உயரத்தில் உள்ள படியின் அடியில் கொடுத்து எடுங்கள். மறுபடி வலது, மறுபடி இடது. ஒவ்வொரு முறையும் முன்பு ஊசி வெளியே வந்த இடத்திலேயே நுழைய வேண்டும். ஐந்தாறு முறை தளர்வாகப் போய்விட்டு, நூலை மெதுவாக இழுங்கள். இரண்டு ஓரமும் உள்ளே மடங்கி, தையல் கண்ணுக்கே தெரியாமல் போகும். முதல் தடவை இதைப் பார்க்கிறவர்கள் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். இழுத்த கையோடு தையலை நீளவாக்கில் ஒருமுறை நீட்டி விடுங்கள், இல்லாவிட்டால் பக்கம் சுருங்கி நிற்கும்.

கழுத்துப் பட்டை பின்ன, கழுத்து விளிம்பிலிருந்து ஊசியில் புதிய கண்ணி எடுக்கும்போது, அடைத்த விளிம்பில் கண்ணிக்கு ஒன்று, செங்குத்து ஓரங்களில் நாலு வரிசைக்கு மூன்று என்ற கணக்கு பெரும்பாலும் ஒத்துவரும். கூடினால் பட்டை அலை அடிக்கும், குறைந்தால் கழுத்தைச் சுருக்கும்.

படி 6: நூல் வால்கள்

முடிச்சுப் போட்டு நறுக்கிவிடலாம் என்று கை துறுதுறுக்கும். வேண்டாம். முடிச்சு உடம்பில் உறுத்தும், ஒருநாள் வெளிப்பக்கமும் எட்டிப் பார்க்கும். உள்பக்கத்தில் பர்ல் மேடுகள் மேலும் கீழுமாக வளைந்து ஓடுவதைப் பாருங்கள். அந்த வளைவு போகும் வழியிலேயே வாலை 5 செ.மீ. ஓட்டுங்கள். பிறகு அடுத்த வரிசைக்குத் தாண்டி எதிர்த் திசையில் கொஞ்சம் வாருங்கள். திசை மாறுவதுதான் பிடிமானம். கம்பளி தானாகவே ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் அக்ரிலிக்கும் வழுக்கும், அவற்றுக்கு மூன்றாவதாக இன்னொரு திருப்பம் கொடுங்கள். பக்கத் தையல் அருகில் இருந்தால் வாலை அதன் மடிப்புக்குள்ளேயே விட்டுவிடலாம்.

தையல் இல்லாமல் வட்டமாகப் பின்னிய ஸ்வெட்டர் என்றால் வால்களைச் செருகிவிட்டு, நறுக்காமல் நனையுங்கள். காய்ந்து துணி தன் இடத்தில் உட்கார்ந்த பிறகு, ஒரு செ.மீ. விட்டு நறுக்குங்கள்.

பட்டன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: பின்னல் நூலால் தைக்காமல் சாதாரணத் தையல் நூலால் தையுங்கள், உள்பக்கம் ஒரு குட்டி பட்டனையும் சேர்த்துப் பிடித்தால் துணி கிழியாது.

உறுத்தல் ஏன் வருகிறது?

அளவெல்லாம் பொருந்தியும் ஒரு ஸ்வெட்டரைப் போட முடியவில்லை என்றால் பெரும்பாலும் நூல்தான் காரணம். கம்பளி இழை சுமார் 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் தடித்திருந்தால், அதன் முனை வளையாமல் தோலைக் குத்தும். மெரினோ ஆட்டின் கம்பளி பெரும்பாலும் 24 மைக்ரானுக்குக் கீழ், அதனால்தான் அது வெறும் தோலிலும் சாதுவாக இருக்கிறது. கடையில் விரலால் தடவிப் பார்ப்பது சரியான சோதனை அல்ல, விரல்நுனித் தோல் தடித்தது. மாதிரித் துண்டைக் கழுத்துப் பட்டைக்குள் செருகிக்கொண்டு ஒரு மணி நேரம் வேலையைப் பாருங்கள். முடித்த பிறகுதான் தெரிந்தது என்றால், காலர் வைத்த சட்டைக்கு மேல் போடுங்கள், அல்லது கழுத்துப் பட்டையை மட்டும் பிரித்து மென்மையான நூலில் மறுபடி பின்னுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேதான்.

ரொம்ப மிருதுவான நூலுக்கு இன்னொரு பக்கம் உண்டு. தளர்வாக முறுக்கிய மெல்லிய நூல் சீக்கிரம் உருண்டை பிடிக்கும். தினசரி உடுப்புக்கு, கொஞ்சம் இறுக்கமாக முறுக்கிய பல இழை நூல்தான் என் தேர்வு. உருண்டைகளை இழுத்துப் பிய்க்காமல் அதற்கான சீப்பாலோ கத்தரியாலோ எடுங்கள்.

பயன்படுத்தும்போது

கம்பளி ஸ்வெட்டரை ஒவ்வொரு முறையும் துவைக்க வேண்டியதில்லை, நிழலில் காற்றாட விரித்தாலே போதும். ஹேங்கரில் மாட்டாதீர்கள், தோளில் கொம்பு முளைக்கும். மடித்து வையுங்கள். கழுத்து நாளாக ஆக அகன்று தோளிலிருந்து வழுக்கினால், பின்கழுத்தின் உள்பக்கம் ஒரு தோளிலிருந்து மறு தோள் வரை கொக்கி முனையுள்ள குரோஷா ஊசியால் சங்கிலித் தையல் ஒரு வரிசை போடுங்கள், நின்றுவிடும்.

மிஞ்சிய நூலில் ஒரு சிறு உருண்டை, ஒரு உபரி பட்டன், நூலின் லேபிள் மூன்றையும் ஒரு கவரில் போட்டு, எந்த ஸ்வெட்டருடையது என்று மேலே எழுதி வையுங்கள். முழங்கை தேயும்போது அதே நிறத்தை மறுபடி தேடினால் கிடைக்காது. கிடைத்தாலும் சாயத் தொகுப்பு எண் மாறியிருக்கும்.