மாநிலம் தழுவிய தலைமைப் பயிற்சித் திட்டம்: ஆள்தேர்விலிருந்து தொடங்குங்கள்

சமூகப் பணியில் இருப்பவர்களையும் தொழில் நடத்துபவர்களையும் ஒரே அணியாகச் சேர்த்துப் பயிற்சி தரும் வழக்கம் அமெரிக்காவில் நகர அளவில் வளர்ந்தது. பிலடெல்பியாவில் 1959-இலும் அட்லாண்டாவில் 1969-இலும் இத்தகைய திட்டங்கள் தொடங்கின. 1972-இல் ஜார்ஜியா மாநிலம் முழுவதற்குமான திட்டம் ஒன்று உருவானது. நகரத் திட்டத்தில் சேருபவர்கள் அத்திட்டம் இல்லாவிட்டாலும் என்றாவது ஒரு கூட்டத்திலோ திருமணத்திலோ சந்தித்துக்கொள்வார்கள். மாநிலத்தின் இரு கோடிகளில் இருப்பவர்களுக்கு அந்த வாய்ப்பே கிடையாது. கடலோரத்தில் மீனவர் கூட்டுறவுச் சங்கம் நடத்துபவரும், உள்பகுதியில் இயந்திர உதிரிபாகத் தொழிற்சாலை நடத்துபவரும் ஒருவரையொருவர் தொலைபேசியில் தயக்கமின்றி அழைக்கும் நிலையை உண்டாக்குவதே மாநிலத் திட்டத்தின் தனிப்பயன் என்று கருதுகிறேன். ஆகவே பாடத்திட்டம் எழுத உட்காருவதற்கு முன் ஆள்தேர்வை வடிவமைத்துவிட வேண்டும்.

அதற்கும் முன்பாக, திட்டம் யாருடைய பொறுப்பில் இருக்கும் என்பதைத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. வணிகர் சங்கம் ஏற்று நடத்தினால் பணமும் ஆட்களும் எளிதில் கிடைக்கும். ஆனால் சமூக அமைப்புகள் அதனை முதலாளிகள் மன்றமாகவே பார்க்கும். பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தால் வகுப்பறையும் பேராசிரியர்களும் கிடைப்பார்கள். இரண்டே ஆண்டுகளில் அது சான்றிதழ்ப் படிப்பாக மாறிவிடும் அபாயம் உண்டு. லாப நோக்கமற்ற தனி அமைப்பாகப் பதிவு செய்து, தொடக்கக் காலத்தில் மட்டும் அலுவலக இடத்தை இவற்றுள் ஒன்றிடம் இரவல் பெறுவது எனக்குச் சரியாகப் படுகிறது. நிர்வாகக் குழுவில் ஒவ்வொரு வட்டாரத்திற்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள். பதவியில் இருக்கும் அரசியல்வாதிகளைப் பேச அழைக்கலாம், குழுவில் சேர்க்க வேண்டாம். முதல் அணி கூடுவதற்கு ஓராண்டுக்கு முன்பே முழுநேர இயக்குநர் ஒருவரை நியமித்துவிடுவது நல்லது.

பணத்தைப் பொறுத்தவரை, பங்கேற்பாளர் கட்டணம் மட்டும் செலவுக்குப் போதும் என்று கணக்கிடாதீர்கள். பயணமும் தங்குமிடமும் பெருந்தொகையை விழுங்கும். பெரிய நிறுவனங்கள் தம் அலுவலர்களுக்கான கட்டணத்தைத் தாமே செலுத்திவிடும். சிறு தொண்டு நிறுவனங்களால் அது முடியாது. எனவே கட்டணத்தை நிர்ணயிக்கும் அன்றே சலுகை இடங்களுக்கான நிதியையும் ஒதுக்கி வையுங்கள். நன்கொடையாளரின் பெயர் பதாகையில் இருக்கலாம், தேர்வுப் பட்டியலில் அவர் கை இருக்கக் கூடாது.

இனி ஆள்தேர்வு. ஓர் அணிக்கு 40 முதல் 50 பேர் வரை போதும். அதற்கு மேல் போனால் ஆண்டு முடிந்த பின்னும் ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது. விண்ணப்பத்தில் வகித்த பதவிகளைப் பட்டியலிடச் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளாமல், 'உங்களோடு கருத்து வேறுபட்ட ஒருவருடன் சேர்ந்து அண்மையில் செய்த வேலை ஒன்றை விவரியுங்கள்' என்பதைப் போன்ற ஒரு கேள்வியைக் கேளுங்கள். பதவிப் பெருமையை மட்டுமே நம்பி வருபவர்கள் இங்கே இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். உண்மையில் வேலை செய்தவர்கள், எந்த நாள், யாருடன், எதில் இடித்தது என்று எழுதுவார்கள். ஒவ்வொரு விண்ணப்பத்தையும் இருவர் தனித்தனியே, பெயரும் பதவியும் மறைக்கப்பட்ட நிலையில் படித்து மதிப்பெண் இட வேண்டும். பிறகு மேலே வந்தவர்களின் பெயர்களைச் சிறு அட்டைகளில் எழுதி, மேசையில் விரித்த மாநில வரைபடத்தில் அவரவர் ஊரின் மேல் வையுங்கள். முதலாண்டில் அட்டைகள் தலைநகரின் மேல் குவிந்து கிடக்கும், எல்லை மாவட்டங்கள் வெறுமையாக இருக்கும். அந்த வெற்றிடங்களை விளம்பரத்தால் நிரப்ப முடியாது. இயக்குநர் நேரில் போய், அங்குள்ளவர்கள் தம் சிக்கலுக்கு யாரைத் தேடிப் போகிறார்கள் என்று விசாரித்து, அந்த நபரை விண்ணப்பிக்கச் சொல்ல வேண்டும்.

தேர்வானவரின் நிறுவனத்திடமிருந்து, அமர்வு நாள்கள் அனைத்திற்கும் அவரை விடுவிப்பதாக எழுத்துப்பூர்வமான ஒப்புதல் பெறுங்கள். தொடக்க முகாமுக்கு வராதவர் அணியில் இல்லை, அதன்பின் ஓர் அமர்வுக்கு மேல் தவறவிட்டவர் நிறைவுச் சான்று பெற மாட்டார் என்ற விதியை முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும். இந்த விதியை முதலில் மீறுபவர் பெரும்பாலும் அணியிலேயே மிகப் பெரிய பதவியில் இருப்பவராகத்தான் இருப்பார். அவருக்காக ஒருமுறை தளர்த்தினால் விதி அன்றோடு போயிற்று.

இரண்டு இரவுகள் தங்கும் தொடக்க முகாமும், அதன்பின் மாதம் ஒருமுறை இரண்டு நாள்களாக எட்டு அமர்வுகளும் என்ற கால அட்டவணை நடைமுறைக்கு ஏற்றது. ஒவ்வோர் அமர்வும் வேறு வட்டாரத்தில் நடக்கட்டும். அந்த வட்டாரத்தை உறுத்தும் பிரச்சினையே அமர்வின் பொருளாக இருக்கட்டும். சுகாதாரத்தைப் பற்றி அரங்கில் மூவரைப் பேசவைப்பதைவிட, அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இரவுப் பணி மாறும் நேரத்தில் அணியைச் சிறு குழுக்களாகப் பிரித்து நிற்கவைத்து, மறுநாள் காலையில் அங்குள்ள செவிலியரோடும் நிதி அலுவலரோடும் உரையாடச் செய்யலாம். பேருந்துப் பயணத்தில் இருக்கைகளை முன்கூட்டியே ஒதுக்கி, ஒவ்வொரு முறையும் புதிய இணைகளை அமைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வங்கியாளர் வங்கியாளரோடுதான் உட்காருவார். பெயர் அட்டையில் பெயரும் ஊரும் மட்டும் போதும். சாத்தம் ஹவுஸ் என்ற சர்வதேச விவகார ஆய்வு நிறுவனத்தில், 1927-இல் லண்டனில் உருவான சாத்தம் ஹவுஸ் விதி இங்கே மிகவும் உதவும்: கேட்ட தகவலைப் பயன்படுத்தலாம், சொன்னவர் யார் என்பதை வெளியிடக் கூடாது. முதல் மாலையே இதை அனைவரும் ஏற்றுக்கொண்டால்தான் அதிகாரியும் தொழிற்சங்கத்தாரும் மனம்விட்டுப் பேசுவார்கள்.

மதிப்பீட்டிற்கு, அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் பயிற்சிகளை அளவிட 1959-இல் முன்வைத்த நான்கு படிகள் பயன்படும்: பிடித்திருந்ததா, கற்றார்களா, நடத்தை மாறியதா, விளைவு உண்டானதா. அமர்வு முடிந்ததும் நிரப்பிக் கொடுக்கும் கருத்துப் படிவம் முதற்படியோடு நின்றுவிடுகிறது. ஆறு மாதம் கழித்தும் இரண்டாண்டு கழித்தும் ஒவ்வொருவரையும் அழைத்து, அணியில் யாரை, எதற்காகக் கடைசியாகத் தொடர்புகொண்டீர்கள் என்று கேளுங்கள். பதில்களை அதே வரைபடத்தில் கோடுகளாக வரைந்தால் எந்த வட்டாரம் தனித்து நிற்கிறது என்பது தெரியும். அடுத்த ஆண்டின் அமர்வு இடங்களை அதைக் கொண்டே தீர்மானிக்கலாம்.

இரண்டாம் ஆண்டுக்கான விண்ணப்பத்தை முதல் அணியின் கடைசி அமர்வுக்கு முன்பே திறந்துவிடுங்கள். பயிற்சி முடித்தவர்கள் தத்தம் வட்டாரத்திலிருந்து ஆளுக்கு இருவரைப் பரிந்துரைக்கவும், அடுத்த அணி தம் ஊருக்கு வரும்போது அமர்வை ஏற்பாடு செய்யவும் அப்போதே பெயர் கொடுத்துவிட வேண்டும். வீடு திரும்பிய பிறகு கேட்டால் பாதிப் பேர் பதில் போட மாட்டார்கள்.