சிறிய மருத்துவமனையில் நோயாளியின் ரகசியத்தைச் சட்டப்படி காப்பது எப்படி?

நோயாளியின் ரகசியம் கணினிக்குள் புகுந்த திருடனால் வெளியேறுவதைவிட வரவேற்பு மேசையிலிருந்து வெளியேறுவதே அதிகம் என்பது என் கருத்து. கூடம் நிறைய ஆட்கள் காத்திருக்கும்போது, ஒரு பெண்ணின் பெயரையும் அவர் எடுத்துக்கொண்ட பரிசோதனையின் பெயரையும் சேர்த்துக் கூவி அழைத்ததை நானே கேட்டிருக்கிறேன். ஆகவே கிளினிக்கோ நர்சிங் ஹோமோ நடத்துபவர்கள், மென்பொருள் வாங்குவதற்கு முன் அந்த மேசையைச் சரிசெய்வது நல்லது. டோக்கன் எண்ணைச் சொல்லி அழையுங்கள். லேப் ரிப்போர்ட்டை உறையில் இட்டு ஒட்டி, உரியவரிடம் மட்டும் கொடுங்கள்.

இந்தியாவில் இதற்கென்று ஒரே சட்டம் இல்லை; கடமைகள் பல சட்டங்களில் சிதறிக் கிடக்கின்றன. அடிப்படையாக நிற்பவை 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை நெறிமுறை விதிகள். சிகிச்சையின்போது தெரிந்துகொண்டதை வெளியிடக் கூடாது என்பது பொது விதி. நீதிபதியின் உத்தரவு, குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ ஏற்படக்கூடிய கடும் ஆபத்து, அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய் ஆகியவை விதிவிலக்குகள். நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ ஆவணம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதும் அதே விதிகளில்தான் இருக்கிறது. பில் கட்டிய மாமாவும் ஊரிலிருந்து போனில் விசாரிக்கும் சித்தப்பாவும் தங்களுக்கும் அந்த உரிமை உண்டென்றே நம்புவார்கள். நோயாளி அதிகாரம் அளிக்காதவரை சட்டம் அப்படிக் கருதுவதில்லை. எனவே சேர்க்கைப் படிவத்திலேயே 'என் நிலையை யாரிடம் சொல்லலாம்' என்றொரு கட்டம் வைத்து, அதில் நோயாளியின் கையொப்பத்தையும் வாங்கிவிடுங்கள். பிறகு மறுப்பது வரவேற்பாளரின் தனிப்பட்ட பிடிவாதமாகத் தெரியாது.

சில நோய்நிலைகளுக்குத் தனிச் சட்டங்கள் இன்னும் கடுமையாக இருக்கின்றன. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்ஐவி, எய்ட்ஸ் சட்டத்தின்படி, ஒருவருக்கு எச்ஐவி இருப்பதை மருத்துவமனை பிறரிடம் தெரிவிக்க அவருடைய எழுத்துபூர்வமான ஒப்புதல் வேண்டும். சிகிச்சைக்குத் தேவைப்படும் அளவில் சக மருத்துவப் பணியாளருக்குச் சொல்லலாம். வாழ்க்கைத் துணைக்கு ஆபத்து இருந்தால் மருத்துவரோ ஆலோசகரோ சட்டம் வகுத்த படிகளைப் பின்பற்றித் தெரிவிக்கலாம். கேஸ் ஷீட்டின் மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதும் கட்டிலில் குறியிடுவதும் வார்டு முழுவதற்கும் அறிவிப்பதற்குச் சமம். அந்தப் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள்.

கருக்கலைப்பு தொடர்பான 2003ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் ரகசியத்தை எப்படிக் கட்டிக் காப்பது என்பதற்கு நல்ல பாடம். பெண்ணின் பெயர் சேர்க்கைப் பதிவேட்டில் மட்டுமே இருக்கும். கேஸ் ஷீட், அறுவை அரங்கப் பதிவேடு, மறுவருகைச் சீட்டு ஆகிய எதிலும் பெயர் எழுதாமல், பதிவேட்டின் வரிசை எண்ணையே குறிக்க வேண்டும். ஒப்புதல் படிவத்தை உறையிலிட்டு முத்திரையிட்டு, மேலே 'ரகசியம்' என்று எழுதி வைக்க வேண்டும். சட்டத்தால் அதிகாரம் பெறாத எவரிடமாவது மருத்துவர் அந்தப் பெண்ணின் பெயரை வெளியிட்டால், 2021 திருத்தத்தின்படி ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம்.

மனநலச் சிகிச்சைக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. சிகிச்சை பெறுபவரின் புகைப்படத்தையோ விவரத்தையோ அவர் சம்மதமின்றி ஊடகத்துக்குத் தரக் கூடாது.

போலீசார் வந்து ஆவணம் கேட்டால் பதற வேண்டாம். எழுத்துபூர்வமான கோரிக்கையை வாங்கிக் கோப்பில் வையுங்கள். மேலே சொன்ன சட்டங்கள் அனுமதித்தால், கேட்ட விவரத்தை மட்டும், பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கிக் கொடுங்கள்.

டிஜிட்டல் ஆவணங்களுக்கு 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும் வகையில் அவை அமைந்துள்ளன. போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமுண்டு. தரவு கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தாமதமின்றித் தெரிவித்து, 72 மணி நேரத்துக்குள் வாரியத்திடம் விரிவான அறிக்கையும் தர வேண்டும். ஆகவே இப்போதே ஊழியர் ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல் கொடுங்கள். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றே மூடுங்கள். எக்ஸ்ரே படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டு ஆலோசனை கேட்கும் வழக்கம் இருந்தால், பெயரும் ஓபி எண்ணும் தெரியும் மூலையை வெட்டிவிட்டு அனுப்புங்கள்.

கடைசியாகப் பழைய காகிதங்கள். உள்நோயாளி ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டும், கருக்கலைப்புப் பதிவேட்டை 5 ஆண்டும் வைத்திருக்க வேண்டும். வழக்கு நிலுவையில் உள்ளவற்றை அது முடியும் வரை தொடவே கூடாது. காலம் முடிந்தவற்றைப் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போட்டால், யாரோ ஒருவரின் சர்க்கரை அளவு நாளை வடை மடித்த தாளாக டீக்கடையில் கிடக்கும். பொறுப்பான ஒருவர் முன்னிலையில் துண்டு துண்டாகக் கிழித்து அழித்து, அழித்த தேதியையும் கோப்பு எண்களையும் ஒரு பதிவேட்டில் எழுதி வையுங்கள்.