படிவம் 1-க்குப் போகும் பார்வை குறைந்த பிள்ளை: பினாங்குப் பெற்றோருக்கு

தமிழ்ப்பள்ளியில் பெரும்பாலும் ஒரே வகுப்பறை. பிள்ளையை ஆறு வருடமாகத் தெரிந்த ஆசிரியர்கள். இடைநிலைப்பள்ளியின் படிவம் 1-இல் பாடத்துக்கு ஓர் ஆசிரியர், அறிவியல் கூடம், பட்டறை என்று அலைச்சல், பாடநூல்களோ மலாயில். ஆறாம் ஆண்டின் பாதியிலேயே வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

ஓகேயு கார்டு (மாற்றுத்திறனாளி அட்டை) இல்லையென்றால் கண் மருத்துவரின் அறிக்கையுடன் சமூகநலத் துறையில் விண்ணப்பியுங்கள். மாவட்டக் கல்வி அலுவலகத்தில், எந்தப் பள்ளியில் பார்வை குறைந்தோருக்கு வசதி உண்டு என்று குறிப்பாகக் கேளுங்கள். 'சிறப்புக் கல்வி வகுப்பு இருக்கிறது' என்ற பதில் போதாது. பல வகுப்புகள் கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கானவை.

ஆசிரியர்களுக்கு மலாயில் ஒரே பக்கம் எழுதிக் கொடுங்கள். பார்வை அளவு 6/36 என்று மட்டும் போட்டால் யாருக்கும் விளங்காது. மற்றவர் 36 மீட்டரில் பார்ப்பதை இந்தப் பிள்ளை 6 மீட்டரில்தான் பார்க்கும் என்று எழுதுங்கள். வெண்பலகையில் கறுப்பு மார்க்கர் மட்டும். எழுதும்போதே வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஜன்னல் வெளிச்சம் பிள்ளையின் முகத்தில் அடிக்கக் கூடாது.

அதிகம் சொதப்புவது அச்சில்தான். ஏ4 தாளை ஏ3-க்குப் பெரிதாக்கினால் 141 விழுக்காடு. 12 புள்ளி எழுத்து 17 ஆகும், அவ்வளவே. தாள் மேசையில் அடங்காது, மங்கல் எழுத்து பெரிய மங்கலாகும். தமிழில் இன்னும் மோசம்: மங்கிய நகலில் மெய்யெழுத்தின் மேல்புள்ளி காணாமல் போய், 'கல்' என்பது 'கல' ஆகிவிடும். மூலக் கோப்பையே கேட்டு வாங்கி, 18 முதல் 24 புள்ளிக்குள் பிள்ளைக்குப் பிடித்த அளவில், பளபளப்பில்லாத தாளில் அச்சிடுங்கள். எந்த அளவு என்பதைப் பிள்ளையே சொல்லட்டும். பத்து நிமிடம் படிக்கவிட்டுக் கேளுங்கள், இரண்டு வரியோடு நிறுத்தாதீர்கள். தேர்வுக்குக் கூடுதல் நேரம், பெரிய எழுத்துத் தாள் வேண்டுமென்றால் பள்ளியிடம் ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுத்தில் கேளுங்கள்.

பள்ளி திறக்கும் முன் இருமுறை போய் வாருங்கள்: ஒருமுறை ஆளில்லாதபோது, ஒருமுறை ஓய்வு நேரத்தில். வாசலிலிருந்து வகுப்பு, கழிப்பறை, கேண்டீன் என மூன்று வழிகள் முதலில் பழகினால் போதும். மூடியில்லாத லோங்காங்கையும் (சாக்கடைக் கால்வாய்), விளிம்பு தெரியாத படிகளையும் குறித்துக்கொண்டு, படி விளிம்பில் 5 சென்டிமீட்டர் மஞ்சள் பட்டை அடிக்கச் சொல்லுங்கள். வெள்ளைக் கோல், நடமாட்டப் பயிற்சி பற்றி 1926-இல் தொடங்கிய, பார்வையற்றோருக்கான செயின்ட் நிக்கலஸ் இல்லத்தில் விசாரிக்கலாம். கேண்டீனில் 20 சென் நாணயத்தையும் 50 சென் நாணயத்தையும் தடவிப் பிரிக்க வீட்டிலேயே பழக்குங்கள். பின்னால் வரிசை நெருக்கும்போதுதான் பிள்ளை தடுமாறும்.