ஓலெட் ரிவி வாங்க முதல் யன்னலைப் பாருங்கோ

எங்கட வீடுகளில் விறாந்தைப் பக்கத்தால் ஹோலுக்குள் பகல் வெளிச்சம் நல்லா விழும். ஓலெட் திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தானே அணையும். அதனால்தான் கறுப்பு கறுப்பாகவே தெரியும். ஆனால் வெளிச்சம் நேரே விழுந்தால் அந்தக் கறுப்புக்குள் யன்னல்தான் தெரியும். யன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டாதேங்கோ.

பிள்ளையள் பிளேஸ்டேஷன் 5 விளையாடுறவை என்றால், கடையில் ரிவியின் பின்பக்கத்தையும் பாருங்கோ. எச்.டி.எம்.ஐ துளை (படமும் சத்தமும் வாற வயரைச் செருகிற இடம்) 4 இருந்தாலும், சில மாடல்களில் 2இல்தான் 4கே 120 ஹெர்ட்ஸ் (செக்கனுக்கு 120 தரம் மாறுற மிகத் தெளிவான படம்) வரும். அதில் ஒன்றைச் சவுண்ட்பார் பிடிச்சிட்டால் மிச்சம் ஒன்றுதான். ரிவி செட்டிங்கில் கேம் மோடையும் போடுங்கோ. இல்லாட்டி பட்டனை அமத்திக் கொஞ்சம் பிந்தித்தான் விளையாட்டில் வாற ஆள் பாய்வார்.

நாள் முழுக்கச் செய்திச் சனல் ஓடுற வீட்டுக்கு ஓலெட் சொல்ல எனக்கு மனம் வராது. மூலையில் அசையாமல் நிற்கிற சனல் சின்னம் நாளடைவில் திரையில் தழும்பாகப் பதியலாம். இடிமின்னலுக்குப் பயந்து பிளக்கைக் கழற்றுறது சரிதான். மற்ற நாட்களில் ரிமோட்டால் மட்டும் நிப்பாட்டுங்கோ. பதிஞ்ச தடங்களைத் திரை தானே துப்புரவாக்கிற வேலை, பிளக் செருகி இருந்தால்தான் நடக்கும்.

கனடாவிலிருந்து சொந்தக்காரர் ஆரும் அனுப்பினால், பின்பக்க ஸ்டிக்கரில் 100-240 வோல்ட் என்று இருக்கோ பார்த்திட்டுச் செருகுங்கோ. அங்கத்தைக் கரண்ட் 120, எங்கட 230.