இலைக்குள் எந்த நொதி எங்கே? குழப்பம் தீர ஒரு வழி

பிளஸ் டூ, நீட் படிக்கும் பிள்ளைகள் அடிக்கடி தடுமாறும் இடம் இது. மாவுச்சத்தும் சுக்ரோஸும் இலைச் செல்லில் ஒரே இடத்தில் உருவாவதில்லை. மாவுச்சத்தைக் கட்டும் நொதிகள், ஒளிச்சேர்க்கை நடக்கும் பச்சை நுண்ணுறுப்பான பசுங்கணிகத்துக்குள் இருக்கின்றன. சுக்ரோஸ், அதாவது நாம் காபியில் போடும் அதே சர்க்கரை, உருவாவது அதற்கு வெளியே, செல்லின் திரவப் பகுதியான சைட்டோசாலில். நடுவில் ஒரு பண்டமாற்று: 3 கார்பன் கொண்ட ட்ரையோஸ் பாஸ்பேட் ஒன்று வெளியே வந்தால், பதிலுக்கு ஒரு பாஸ்பேட் உள்ளே போயாக வேண்டும். இதைப் படமாக ஒரு முறை வரைந்து பாருங்கள், மறக்காது. சுக்ரோஸை உடைக்கும் இன்வர்டேஸ் ஓரிடத்தில் நிற்பதில்லை. வாக்குவோலிலும் (செல்லுக்குள் சாறு நிறைந்த பை) செல்சுவரிலும் இருப்பது அமில வகை, சைட்டோசாலில் இருப்பது நடுநிலை வகை.

சரி, கண்ணால் பார்க்க வேண்டுமா? பச்சையும் வெள்ளையும் கலந்த குரோட்டன் இலையைச் சாயங்காலம் பறியுங்கள். விடியற்காலையில் வேண்டாம், சேர்ந்த மாவுச்சத்தில் பெரும்பகுதி இரவிலேயே செலவாகியிருக்கும். வெந்நீரில் வதக்கி, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த ஆல்கஹாலில் பச்சையம் போக்கி (நேரடித் தீயில் வைக்கவே கூடாது, ஆசிரியர் கூட இருக்கட்டும்), அயோடின் விடுங்கள். பச்சையாக இருந்த இடம் மட்டும் கருநீலமாகும்; அங்கே மாவுச்சத்து இருப்பதன் அடையாளம் அது.